அமெரிக்கக் கால்பந்து வீராங்கனைகளும் வெளிநாட்டு லீக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரியில் சான் டியாகோ வேவ் அணியின் டிஃபெண்டர் நயோமி கிர்மாவை லண்டனின் செல்சி கிளப் சுமார் 11 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பெண்கள் கால்பந்தில் ஒரு வீராங்கனைக்கான டிரான்ஸ்ஃபர் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் முறை. அதிலிருந்து இந்த விஷயத்தில் பலருக்கும் ஆர்வம் வந்திருக்கிறது. ஆனால் கிர்மா மாதிரி பெரிய பெயர்களை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். செய்தியில் பெயரே வராத அமெரிக்கப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ஐஸ்லாந்து முதல் ஆஸ்திரேலியா வரை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இரு தரப்பையும் பற்றியது.

உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு. அங்கிருந்து ஏன் வெளியே போக வேண்டும்?

தேசிய அணி பலமாக இருந்தது, உள்ளூர் லீக் பலமாக இல்லை. அவ்வளவுதான் காரணம், வெகுகாலத்துக்கு.

அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972ல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அதன் பலனாகக் கல்லூரிகள் பெண்களுக்குக் கால்பந்து அணி அமைத்தன, ஸ்காலர்ஷிப் கொடுத்தன. 1991ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அணி அந்தக் கல்லூரி மைதானங்களில் வளர்ந்ததுதான். ஆனால் பட்டம் வாங்கியதும் ஆட்டத்தைத் தொடர அவர்களுக்குச் சம்பளம் தரும் லீக் ஒன்றுகூட நாட்டில் இல்லை.

1999 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைக் கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் நேரில் பார்த்தார்கள். அந்த உற்சாகத்தில் 2001ல் டபிள்யூ.யு.எஸ்.ஏ. என்ற லீக் தொடங்கியது. மூன்றே சீசனில் ஏறத்தாழ 10 கோடி டாலர் கரைந்தது. 2003 உலகக் கோப்பைக்கு ஐந்து நாள் இருக்கும்போது லீக்கை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். 2009ல் டபிள்யூ.பி.எஸ். வந்தது. அதுவும் மூன்று சீசன்தான், 2012ல் கதை முடிந்தது. இன்றிருக்கும் என்.டபிள்யூ.எஸ்.எல். 2013ல் தொடங்கியபோது ஒரு சீசனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலர், அதிகபட்சம் 30,000 டாலர். 6,000 டாலரை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வாடகை கொடுத்து, சாப்பிட்டு, தினமும் பயிற்சிக்குப் போவது? பகலில் பயிற்சி, மாலையில் சிறுவர்களுக்குக் கோச்சிங், இரவில் கடை வேலை என்று ஓடியவர்கள் பலர்.

உள்ளூர் லீக் மூடப்பட்ட ஒவ்வொரு முறையும் அமெரிக்கப் பெண்கள் விமானம் ஏறினார்கள், வேறு வழி இல்லாததால். இன்று லீக் நிலைத்து நிற்கிறது, இப்போதும் போகிறார்கள். ஆனால் நட்சத்திரங்கள் இன்று விரும்பிப் போகிறார்கள். மற்றவர்கள் அன்று போன அதே காரணத்துக்காகப் போகிறார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

முதலில் போனவர்கள் யார்?

1991 உலகக் கோப்பையில் 10 கோல் அடித்த மிஷெல் ஏக்கர்ஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஸ்வீடனின் டீரெசோ கிளப்பில் ஆடினார். 1999 இறுதிப் போட்டியில் வெற்றி பெனால்டியை அடித்த பிராண்டி சாஸ்டெய்ன் 1993ல் ஜப்பானுக்குப் போய் ஷிரோகி செரினா அணியில் ஆடினார். அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து விளையாட வைத்த இடங்களில் ஜப்பான் முக்கியமானது.

லீக் மூடப்பட்டபோது வீராங்கனைகளுக்கு என்ன ஆனது?

கிறிஸ்டன் பிரெஸ்ஸின் கதையைச் சொன்னால் போதும். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். 2011ல் டபிள்யூ.பி.எஸ். லீக்கின் சிறந்த அறிமுக வீராங்கனை விருது வாங்கினார். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே லீக் நின்றுவிட்டது. வயது 23, கையில் வேலை இல்லை, தேசிய அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஸ்வீடனின் கோதன்பர்க் கிளப்புக்குப் போனார். அந்த ஆண்டே கிளப் ஸ்வீடிஷ் கோப்பையை வென்றது. 2013 பிப்ரவரியில் அமெரிக்க அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் ஸ்காட்லாந்துக்கு எதிராக. அதில் இரண்டு கோல். உள்ளூரில் இருந்திருந்தால் அந்த அழைப்பு வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆட லீக்கே இல்லாத ஆண்டில் தேர்வாளர்கள் அவரை எங்கே பார்ப்பார்கள்?

அப்புறம் அவர் டீரெசோவுக்கு மாறினார். 2013 சீசனில் 23 கோல் அடித்து ஸ்வீடன் லீக்கின் அதிக கோல் அடித்தவர் ஆனார். இதைச் செய்த முதல் அமெரிக்கர் அவர்தான். பிரேசிலின் மார்த்தா, ஸ்பெயினின் வெரோனிகா பொக்கேட்டே என்று உலகின் பெரிய பெயர்களை எல்லாம் சேர்த்து வைத்திருந்தது டீரெசோ. 2014 மே மாதம் லிஸ்பனில், ஐரோப்பிய கிளப்புகளின் உச்சத் தொடரான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. இடைவேளையில் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக 2–0 என்று முன்னிலை. கடைசியில் 4–3 என்று தோற்றார்கள். மார்த்தா இரண்டு கோல் அடித்தும் பயனில்லை.

தோல்வியைவிடப் பெரிய வேதனை வேறு. அந்த இறுதிப் போட்டிக்கு அவர்கள் வந்தபோதே கிளப் கடனில் மூழ்கியிருந்தது. அதே ஆண்டு ஸ்வீடன் லீக்கிலிருந்து விலகியது, அந்த சீசனில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் ரத்தாயின. ஐரோப்பாவின் இரண்டாவது சிறந்த அணி சில வாரங்களில் காணாமல் போனது. வெளிநாடு என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டீரெசோவைத்தான்.

கல்லூரியில் நன்றாக ஆடினால் அமெரிக்காவிலேயே இடம் கிடைக்காதா?

கணக்கைப் பாருங்கள். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்றில் மட்டும் 300க்கும் மேற்பட்ட பெண்கள் கால்பந்து அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுக்கு நாலைந்து பேர் படிப்பை முடித்தாலும் ஆயிரத்தைத் தாண்டும். என்.டபிள்யூ.எஸ்.எல்.லில் 2026ல் மொத்தம் 16 அணிகள், அணிக்குச் சுமார் 25 பேர். அந்த இடங்களிலும் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். பிரேசில், ஜப்பான், ஜாம்பியா என்று வெளியிலிருந்து வருபவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய யு.எஸ்.எல். சூப்பர் லீக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் 22 வயதில் நல்ல ஃபார்மில் இருக்கும் பெண்களில் பெரும் பகுதிக்கு முன்னால் இரண்டே வழிதான்: ஆட்டத்தை விடுவது, அல்லது பாஸ்போர்ட்டை எடுப்பது.

பெயர் தெரியாதவர்கள் எங்கெல்லாம் போகிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

முதலில் ஐஸ்லாந்து. நாட்டின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்தை எட்டவில்லை. ஆனால் பெண்கள் கால்பந்துக்கு அங்கே நல்ல மரியாதை. வடக்கே சௌதார்க்ரோகுர் என்ற சிற்றூரின் டின்டாஸ்டோல் கிளப், தெற்கே வெஸ்ட்மன் தீவுகளின் ஐபிவி கிளப் போன்றவை அமெரிக்கர்களை அழைப்பது வழக்கம். இரண்டுமே சில ஆயிரம் பேர் மட்டும் வசிக்கும் ஊர்கள். கடைக்குப் போனால் கடைக்காரர் நேற்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் மலை, இன்னொரு பக்கம் கடல், ஜூன் மாத இரவில் சூரியன் சரியாக மறைவதே இல்லை.

காலண்டரும் பொருந்துகிறது. கல்லூரி சீசன் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குள் முடியும். ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்து லீக்குகள் குளிர் விட்டதும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். ஆக, கடைசிக் கல்லூரி ஆட்டம் முடிந்த சில மாதங்களிலேயே புதிய அணியில் சேரலாம். ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் லீக்குகள் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி மே வரை போகும்.

சைப்ரஸின் அபோலான், லித்துவேனியாவின் ஜின்ட்ரா போன்ற கிளப்புகளும் அமெரிக்கர்களை எடுத்திருக்கின்றன. சின்ன நாடாக இருந்தாலும் லீக்கை வென்றால் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடலாம் என்பதே அங்கே ஈர்ப்பு. பெரிய கிளப்புகளின் கண்ணில் பட அது ஒரு வாய்ப்பு. 2022ல் மனிஷா கல்யாண் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனதும் இந்த அபோலான் அணிக்காகத்தான்.

ஆஸ்திரேலியா இன்னொரு வகை. அங்கே லீக் ஆண்டு இறுதியில் தொடங்கும். அமெரிக்க சீசன் முடிந்து ஓய்விருக்கும் மாதங்களில் பலர் கடன் அடிப்படையில், அதாவது சொந்த கிளப்பின் ஒப்பந்தத்தை விடாமல் தற்காலிகமாக, அங்கே ஆடிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

இந்தச் சின்ன லீக்குகளில் கிளப் வழக்கமாகத் தருவது தங்க ஒரு ஃபிளாட், போக வர விமான டிக்கெட், கைச்செலவுக்கு ஒரு தொகை. பல இடங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் வேலையில் சேர்த்தி. பணம் சேர்க்கப் போகும் இடம் இல்லை இது. தொடர்ந்து ஆட, வீடியோ சேர்க்க, அடுத்த படிக்கு ஏறப் போகும் இடம்.

கல்லூரியையே தாண்டிவிட்டு நேராகப் போக முடியுமா?

முடியும் என்று காட்டியவர் லிண்ட்சி ஹொரான், இப்போது லிண்ட்சி ஹீப்ஸ். பெண்கள் கால்பந்தில் மிகப் புகழ்பெற்ற நார்த் கரோலினா பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப்போடு காத்திருந்தது. 2012ல், 18 வயதில், அதை விட்டுவிட்டுப் பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்போடு ஆறு இலக்க டாலர் ஒப்பந்தம் போட்டார். பள்ளி முடித்ததும் கல்லூரி போகாமல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் அவர். மொழி தெரியாமல், தனியாக இருந்து தவித்ததை அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். ஆனாலும் அங்கே 58 ஆட்டங்களில் 46 கோல் அடித்தார்.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, 18 வயது ஆகாதவர்களை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்ய உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அனுமதிப்பதில்லை. கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால் அது ஒரு விதிவிலக்கு. வர்ஜீனியாவில் பிறந்த லில்லி யொஹான்னெஸ் சிறு வயதிலேயே குடும்பத்தோடு நெதர்லாந்துக்குப் போனவர். அங்கே அயாக்ஸ் கிளப்பில் வளர்ந்து 16 வயதில் சாம்பியன்ஸ் லீக் ஆடிவிட்டார். பிறகு அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுத்து, 2025ல் பிரான்ஸின் லியோன் கிளப்புக்கு மாறினார். 15, 16 வயதுப் பெண்ணை அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று: தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி பெரும்பாலும் போய்விடும். திரும்பி வந்து படிக்கலாம், ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லாமல். ஒப்பந்தத்தில் படிப்புச் செலவையும் பேசிச் சேர்க்கப் பாருங்கள்.

வெளியே போனால் தேசிய அணி மறந்துவிடாதா?

ஒரு காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. என்.டபிள்யூ.எஸ்.எல். தொடங்கியபோது தேசிய அணி வீராங்கனைகளின் கிளப் சம்பளத்தையே அமெரிக்கக் கால்பந்து சங்கம்தான் கொடுத்தது. புதிய லீக் பிழைக்க வேண்டும் என்பது நோக்கம். அதன் மறுபக்கம், வெளியே இருப்பவர் மனதளவிலும் வெளியே ஆகிவிட்டார். பாரிஸில் கோல் மேல் கோல் அடித்த ஹொரான் 2015 உலகக் கோப்பை அணியில் இல்லை. 2016ல் அவர் போர்ட்லாண்டுக்குத் திரும்பியதற்கு ஒலிம்பிக் அணியில் இடம் பிடிக்கும் ஆசை பெரிய காரணம்.

2022ல் வந்த சம ஊதிய ஒப்பந்தத்தோடு அந்தச் சம்பள முறை முடிவுக்கு வந்தது. வீராங்கனைகள் எங்கே ஆடுவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்றானது. 2024 மே மாதம் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற எம்மா ஹேய்ஸ், பன்னிரண்டு ஆண்டுகள் செல்சியை நடத்தியவர், ஐரோப்பிய லீக்குகளை உள்ளங்கை போல அறிந்தவர். அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரேசிலுக்கு எதிரான ஒரே கோலை அடித்தது மல்லரி ஸ்வான்சன். பந்தை அவருக்குத் தள்ளிக் கொடுத்தது கோர்பின் ஆல்பர்ட், நாட்டர் டாம் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு 2023ல் பிஎஸ்ஜி-யில் சேர்ந்தவர். ஆட்டம் நடந்ததும் பிஎஸ்ஜி-யின் பார்க் தெ பிரான்ஸ் மைதானத்தில். தங்கம் வென்ற அணியின் கேப்டன், அப்போது லியோனில் ஆடிய ஹொரான்.

சர்வதேச ஆட்டங்களுக்கென ஃபிஃபா ஒதுக்கும் நாட்களில் கிளப் வீராங்கனையை விடுவித்தே ஆக வேண்டும். அந்த விஷயத்தில் குழப்பமில்லை.

2020ல் ஏன் ஒரே சமயத்தில் அத்தனை பேர் இங்கிலாந்து போனார்கள்?

கொரோனாவால் அமெரிக்க சீசன் சுருங்கியது. ஆட்டம் வேண்டும் என்று போனார்கள். சாம் மூயிஸ், ரோஸ் லவெல் மான்செஸ்டர் சிட்டிக்கு. டோபின் ஹீத், கிறிஸ்டன் பிரெஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. குழந்தை பிறந்த சில மாதங்களில் அலெக்ஸ் மோர்கன் டாட்டன்ஹாமுக்கு. பெரும்பாலோர் ஒரு சீசனுக்குள் திரும்பிவிட்டார்கள்.

சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

ஒரே பதில் கிடையாது. மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் உள்ள தூரம் மிக அதிகம்.

ஸ்பெயினின் முதல் பிரிவு லீக்கில் 2023 செப்டம்பரில் வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 16,000 யூரோ. போராட்டத்துக்குப் பின் அது 21,000 ஆனது, அடுத்த சீசன்களில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தவும் ஒப்புக்கொண்டார்கள். உலகக் கோப்பையை வென்ற ஒரு மாதத்துக்குள் அந்த நாட்டின் லீக் வீராங்கனைகள் இந்தத் தொகைக்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது.

என்.டபிள்யூ.எஸ்.எல்.லில் 2025க்கான குறைந்தபட்சச் சம்பளம் 48,500 டாலர். 2030ல் இது 82,500 ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. அதாவது சராசரி வீராங்கனைக்கு இன்று அமெரிக்காவே மேல். உச்சத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அமெரிக்க லீக்கில் ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. செல்சிக்கோ லியோனுக்கோ அப்படி இறுக்கமான வரம்பு இல்லை. ஆகவே அவர்களால் நட்சத்திரங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க முடிகிறது.

ஒப்பிடும்போது வெறும் எண்ணைப் பார்க்காதீர்கள். வீட்டு வாடகை கிளப் கொடுக்கிறதா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, சொன்ன தொகை வரி பிடித்ததா பிடிக்காததா, எத்தனை மாதத்துக்குச் சம்பளம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. பத்து மாத ஒப்பந்தம் போட்டுவிட்டு, மீதி இரண்டு மாதம் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புவது சின்ன லீக்குகளில் சகஜம்.

விசா, வேலை அனுமதி எப்படி?

இங்கிலாந்துதான் கடினம். பிரெக்ஸிட்டுக்குப் பின் வெளிநாட்டு வீராங்கனைக்கு அந்த நாட்டுக் கால்பந்து சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். தேசிய அணியில் எத்தனை ஆட்டம், எந்த லீக்கில் எவ்வளவு நேரம் என்று பார்த்து மதிப்பிடுவார்கள். அமெரிக்க அணியில் தொடர்ந்து ஆடுபவருக்குச் சிக்கலில்லை. கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். பலர் முதலில் வேறு ஐரோப்பிய லீக்குக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற ஐரோப்பிய நாடுகளில் கிளப் முன்வந்து வேலைக்கான குடியிருப்பு அனுமதி வாங்கித் தர வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா முறையில் இயங்கும் ஐரோப்பிய நாடுகளில்) 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம், ஆனால் அது சுற்றுலாவுக்கு, சம்பளத்துக்கு ஆட அல்ல. தாத்தா பாட்டி வழியில் அயர்லாந்து போன்ற நாட்டின் குடியுரிமை கோர முடிந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் கையில் இருப்பவரைக் கிளப்புகள் தயங்காமல் எடுக்கின்றன.

மெக்சிகோ நல்ல வழியா?

பக்கத்து நாடு என்பதால் இளக்காரமாக நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. அங்கே பெண்கள் லீக் 2017ல் தொடங்கியது. முதலில் மெக்சிகோவில் பிறந்தவர்களுக்கு மட்டும், பிறகு மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களுக்கும், 2021லிருந்து மற்ற வெளிநாட்டவருக்கும் இடம் தந்தது. கல்லூரி வீராங்கனைகளை என்.டபிள்யூ.எஸ்.எல். அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022ல் மியா ஃபிஷலை ஆர்லாண்டோ அணி ஐந்தாவது ஆளாக எடுத்தது. அவர் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு மான்டெர்ரேவின் டீக்ரெஸ் அணிக்குப் போனார். அதே ஆண்டின் இரண்டாம் பாதி சீசனில் 17 கோல். அந்த லீக்கில் அதிக கோல் அடித்த முதல் வெளிநாட்டவர் ஆனார், கோப்பையும் வென்றார். 2023ல் செல்சி அழைத்தது.

உன்னை இந்த அணிதான் எடுத்தது, அங்கேதான் ஆட வேண்டும் என்ற முறையை ஒரு இளம்பெண் மறுத்துக் காட்டியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், என்.டபிள்யூ.எஸ்.எல். டிராஃப்டையே ஒழித்துவிட்டது.

ஏஜென்ட் தேவையா?

பெரிய கிளப் என்றால் தேவை. சின்ன லீக் என்றால் கல்லூரிப் பயிற்சியாளரின் தொடர்பு, முன்பு அங்கே ஆடிய தோழி, நன்றாக வெட்டி ஒட்டிய ஆறேழு நிமிட வீடியோ ஆகியவற்றாலேயே பலர் இடம் பிடிக்கிறார்கள். ஏஜென்ட் வைத்தால் அவருக்கு ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று ஃபிஃபாவின் பட்டியலில் தேடிப் பாருங்கள். 2023லிருந்து உரிமத்துக்குத் தேர்வு வைக்கிறார்கள். இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. காசு கட்டிச் சேரும் ட்ரயல் முகாம்களில் பெரும்பாலானவை முகாம் நடத்துபவருக்குத்தான் லாபம்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், நீங்கள் படிக்கக்கூடிய மொழியில் ஒரு பிரதி. ஆங்கிலப் பிரதியும் உள்ளூர் மொழிப் பிரதியும் முரண்பட்டால் எது செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஃபிஃபா விதிகள் சில உங்களுக்குத் துணை நிற்கின்றன. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக் கூடாது. அந்தச் சோதனைகளைக் கிளப் கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். கிளப் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் தராவிட்டால் வீராங்கனை ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்தும் போடலாம்.

ஃபிளாட் தருகிறோம் என்றால் தனி அறையா, எத்தனை பேர் பங்கு, மின்சாரமும் சூடேற்றும் செலவும் யார் கணக்கு? விமான டிக்கெட் வருவதற்கு மட்டுமா, போவதற்கும் சேர்த்தா? காயத்தால் சீசன் முடிந்தால் சம்பளம் தொடருமா? வாய்வார்த்தையாகச் சொன்ன எதையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் கிளப், பின்னால் சம்பளம் கேட்டாலும் முகம் சுளிக்கும். அந்த நாட்டில் வீராங்கனைகள் சங்கம் இருந்தால் முதல் வாரமே உறுப்பினர் ஆகிவிடுங்கள்.

காயம் பட்டால்?

எல்லோரும் தவிர்க்கும் கேள்வி. முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது பெண்கள் கால்பந்தின் பெரிய சாபம். கேட்டரினா மக்காரியோ 2022 மே மாதம் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லியோனுக்காக கோல் அடித்தார், கோப்பையும் வென்றார். சில நாளில் லீக் ஆட்டத்தில் ஏசிஎல் போனது, 2023 உலகக் கோப்பையும் போனது. ஃபிஷலுக்கும் 2024 பிப்ரவரியில் அதே காயம். இவர்களுக்குப் பின்னால் பெரிய கிளப்பின் மருத்துவர்கள் இருந்தார்கள். சின்ன ஊர்க் கிளப்பில் அறுவை சிகிச்சை எங்கே, மறுவாழ்வுப் பயிற்சி யார் தருவார், வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை எடுத்தால் செலவு யாருடையது என்பதெல்லாம் காயம் பட்ட பிறகு பேசும் விஷயமில்லை.

கர்ப்பம் ஆனால் வேலை போய்விடுமா?

போகக் கூடாது. 2021லிருந்து ஃபிஃபா விதிப்படி குறைந்தது 14 வார விடுப்பு, மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம். ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் கர்ப்பகாலத்தில் தனக்கு முழுச் சம்பளம் தரவில்லை என்று லியோன் மீது ஃபிஃபாவில் வழக்குப் போட்டு வென்றார், 82,000 யூரோவுக்கும் மேல். லியோன் போன்ற கிளப்பிடமே போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வரி இரண்டு நாட்டிலும் கட்ட வேண்டுமா?

அமெரிக்கக் குடிமக்கள் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்காவில் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு உண்டு என்பதால் பெரும்பாலோருக்கு இரட்டை வரி வராது. ஆனால் தாக்கல் செய்யாமல் இருக்க முடியாது. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

கல்லூரி ஆட்டத்துக்கும் அங்குள்ள ஆட்டத்துக்கும் வித்தியாசம் அதிகமா?

கல்லூரியில் வெளியே எடுத்த ஆளை மறுபடி இறக்கலாம், மாற்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் வேகமும் உடல்பலமும் அங்கே ராஜா. ஐந்து மாற்று மட்டுமே உள்ள ஆட்டத்தில் 90 நிமிடத்துக்கும் மூச்சைப் பங்கிட வேண்டும், பந்தை வைத்திருந்து ஓய்வெடுக்கத் தெரிய வேண்டும். ஓட்டத்தில் எல்லோரையும் மிஞ்சும் அமெரிக்கப் பெண்கள் முதல் சில மாதம் திணறுவது இங்கேதான்.

நல்லவர்கள் எல்லாம் போனால் அமெரிக்க லீக்குக்கு நஷ்டம்தானே?

நான் அப்படி நினைக்கவில்லை. 2025 செப்டம்பரில் அலிஸ்ஸா தாம்ப்சன் ஏஞ்சல் சிட்டியை விட்டுச் செல்சிக்குப் போனபோது புலம்பல் கேட்டது. ஆனால் இந்தப் போட்டி இல்லையென்றால் அமெரிக்க முதலாளிகள் பையைத் திறந்திருக்க மாட்டார்கள். டிரினிட்டி ராட்மனின் ஒப்பந்தம் 2025 இறுதியில் முடிந்தது. ஐரோப்பா அவரைத் தூக்கிவிடும் என்ற நெருக்கடியில்தான், உச்சவரம்பைத் தாண்டி 10 லட்சம் டாலர் வரை செலவழிக்க அணிகளுக்கு லீக் டிசம்பரில் வழி செய்தது. அந்த விதி எழுதப்பட்ட விதத்தை வீராங்கனைகள் சங்கம் எதிர்த்தது. 2026 ஜனவரியில் ராட்மன் வாஷிங்டன் ஸ்பிரிட்டிலேயே தொடரக் கையெழுத்திட்டார். வெளியே போக முடியும் என்ற நிலை இருந்ததால்தான் உள்ளே இருப்பவரின் விலை ஏறியது. ஊரை விட்டுப் போகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

திரும்பி வந்தால் இடம் இருக்குமா?

நன்றாக ஆடியவருக்கு இருக்கும். அலி க்ரீகர் பென் ஸ்டேட்டில் படித்துவிட்டு 2007ல் ஃபிராங்ஃபர்ட் போனார். முதல் சீசனிலேயே ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்ற அணியில் இருந்தார். சரளமாக ஜெர்மன் பேசக் கற்றார். 2011ல் உலகக் கோப்பையே ஜெர்மனிக்கு வந்தது. டிரெஸ்டனில் பிரேசிலுக்கு எதிரான காலிறுதி பெனால்டி வரை போனது, கடைசி பெனால்டியை அடித்து முடித்தவர் அவர். 2013ல் என்.டபிள்யூ.எஸ்.எல். தொடங்கியதும் வாஷிங்டனில் சேர்ந்தார். பத்தாண்டுக்கு மேல் அந்த லீக்கில் ஆடி, 2023 நவம்பரில் தன் கடைசி ஆட்டத்தில் காத்தம் அணியோடு சாம்பியன் பட்டம் வென்றார்.

கீழ்மட்ட லீக்குகளிலிருந்து திரும்புபவர்களுக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு நல்ல சீசனின் வீடியோவும், உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும் பயிற்சியாளரும் இருந்தால் சீசனுக்கு முந்தைய முகாமுக்கு அழைப்பு வரலாம். ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்.டபிள்யூ.எஸ்.எல். முகாம்கள் ஜனவரி கடைசியில் தொடங்கும், ஐரோப்பாவின் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூனில் முடியும். இடையில் வரும் அந்த ஆறு மாதத்தைத் திட்டமிடாமல் போனவர்கள் நிறையப் பேர்.